விக்ஸ்பர்க்: எதிர்க்கரையில் நின்றவருக்கு ஊருக்குள் வர ஐந்து மாதமா?

ஊர்சுற்றி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் டாலஸில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து அட்லாண்டாவுக்குக் காரில் போனோம். மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பிள்ளைகள் கால் நீட்ட வேண்டும் என்று அடம்பிடித்ததால் விக்ஸ்பர்க்கில் இறங்கினோம். அங்கே அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போர் நடந்த இடத்தைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். மூன்று மணி நேரம் ஆகியும் எனக்குக் கிளம்ப மனசில்லை. திரும்பி வந்ததிலிருந்து வரைபடத்தை வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

முதல் சந்தேகம். 1863 ஜனவரி கடைசியிலேயே வடக்குப் படைத் தளபதி கிராண்ட் தன் படையோடு ஊருக்கு நேர் எதிர்க்கரைக்கு வந்துவிட்டார். ஊர் அவர் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் ஊர் கைக்கு வந்தது ஜூலை 4. நடுவில் ஐந்து மாதம் என்ன செய்துகொண்டிருந்தார்? வரைபடத்தில் அம்புக்குறியைப் பார்த்தால் இன்னும் குழப்பம். தெற்கே போகிறார், ஆற்றைக் கடக்கிறார், அப்புறம் ஊர்ப்பக்கமே திரும்பாமல் வடகிழக்கே மாநிலத் தலைநகர் ஜாக்சன் வரைக்கும் போய்விட்டு அங்கிருந்து மேற்கே திரும்பி வருகிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாக இருக்கிறது.

இரண்டாவது, ஊரின் வடமுனையில் பீரங்கி வைத்திருந்த மேட்டில் ஏறி நின்றேன். கீழே மிசிசிப்பி ஓடும் என்று பார்த்தால் ஒரு கால்வாய் மாதிரித் தண்ணீர்தான் போகிறது. இதைக் காக்கவா அத்தனை பீரங்கி?

மூன்றாவது மாப்பிள்ளையின் கேள்வி. ஊரைக் காத்த தெற்குத் தளபதி பெம்பர்டன் பிறப்பால் வடக்கத்திக்காரராம். அவர்தான் உள்ளுக்குள் இருந்தே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று மாப்பிள்ளை அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஆற்றுமணல்:

நான் படித்தது நீரியல், அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பார்த்தது மிசிசிப்பி இல்லை. 1863இல் அந்த மேட்டுக்குக் கீழே ஓடியது மிசிசிப்பிதான், ஆனால் இப்போது அங்கே ஓடுவது யாசூ ஆற்றின் தண்ணீர். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அன்றைக்கு ஆறு எப்படி இருந்தது என்று புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

மிசிசிப்பி அந்த இடத்தில் கொண்டை ஊசி வளைவாக வளைந்து ஓடியது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வந்து, ஊரின் வடமுனையில் சட்டென்று திரும்பி, ஊரை ஒட்டியே தெற்கே இறங்கும். வளைவுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட நாக்கு போன்ற தாழ்ந்த நிலம்தான் டி சோட்டோ முனை. கிராண்ட் இருந்தது அந்தப் பக்கம். மழை என்றால் முழங்கால் சேறு, வெள்ளம் என்றால் கரையின் மேல்தான் கூடாரம் போட முடியும். ஊர் இருந்த கிழக்குக் கரையோ ஆற்றுமட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 அடி உயர மேடு. வருகிற படகு எதுவானாலும் அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்த இடத்தில் மேலிருந்து பீரங்கி. படகில் வந்து நேராகக் கரையேறலாம் என்று நினைத்தாலே உயிர் போய்விடும்.

சரி, வடக்கே இருந்து வரலாமே என்றால், அங்கே யாசூ ஆற்றுச் சமவெளி. காடும் சதுப்பும் சின்னச் சின்ன ஓடைகளும் பின்னிக் கிடக்கிற இடம். 1862 டிசம்பர் கடைசியில் கிராண்டின் கீழிருந்த தளபதி ஷெர்மன் அந்தப் பக்கம் சிக்காசா ஓடை வழியாக முட்டிப் பார்த்தார். அவருக்கு ஏறக்குறைய 1,800 பேர் சேதம், மேட்டில் இருந்த தெற்குப் படைக்கு 200 பேர் அளவில்தான். அதே சமயம் கிராண்ட் தரைவழியாக வடகிழக்கிலிருந்து இறங்கப் பார்த்தார். ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அவர் சேர்த்து வைத்திருந்த கிடங்கை டிசம்பர் 20 அன்று தெற்கின் குதிரைப்படை வந்து கொளுத்திவிட்டது. சாப்பாடு இல்லாமல் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம்தான் நீங்கள் கேட்கிற அந்த மாதங்கள். டி சோட்டோ முனையின் கழுத்தை வெட்டிக் கால்வாய் தோண்டினால் ஆறே அந்த வழியாகப் போய்விடும், ஊர் தண்ணீரில்லாத் துறைமுகமாகக் கிடக்கும் என்று ஒரு திட்டம். இதை 1862 கோடையிலேயே வில்லியம்ஸ் என்ற தளபதி ஆரம்பித்திருந்தார், பக்கத்துப் பண்ணைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தும் தோண்ட வைத்தார், ஆறு மட்டம் இறங்கிப்போனதால் கைவிட்டார். கிராண்ட் மறுபடி தோண்டினார். மார்ச்சில் வெள்ளம் வந்து அணையை உடைத்து முகாமையே மூழ்கடித்தது. இன்னொரு ஏரி வழியாகச் சுற்றிப் பார்த்தார்கள், யாசூ பாஸ் என்ற ஓடை வழியாகப் படகுகளை நுழைத்துப் பார்த்தார்கள், ஸ்டீல்ஸ் ஓடையில் மரக்கிளைகள் புகைபோக்கியைத் தட்டி விழுத்துகிற அளவுக்கு ஒடுங்கிய தண்ணீரில் போய்ப் பார்த்தார்கள். எதுவுமே நடக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிப்பாய்கள் மலேரியாவிலும் அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். காய்ந்த நிலம் என்று இருந்தது ஆற்றின் கரை மட்டும்தான், அதனால் அதிலேயே புதைத்தார்கள். கூடாரமும் அதன் மேல், கல்லறையும் அதற்குள்.

இப்போது ஆறு எங்கே போனது என்ற கதை. 1876 ஏப்ரலில், போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து, மிசிசிப்பி தானாகவே டி சோட்டோ முனையை அறுத்துக்கொண்டு நேராக ஓட ஆரம்பித்துவிட்டது. கிராண்ட் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துத் தோண்டியும் நடக்காததை ஆறு யாரையும் கேட்காமல் செய்து முடித்தது. பழைய தடத்தில் மண் மூடி, ஊரின் படகுத்துறைக்கு வேலையே இல்லாமல் போனது. பிறகு யாசூ ஆற்றைத் திருப்பிப் பழைய தடம் வழியாக ஓடவிட்டார்கள், 1903இல் அந்தக் கால்வாய் திறந்தது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பீரங்கிப்பித்தன்:

ஆற்றுமணல் சார் நன்றாகச் சொன்னார். கிராண்ட் செய்தது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், ஆனால் நேராகத் தொட வழியிருந்ததா என்று பாருங்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது கிழக்குக் கரையில், மேட்டுநிலத்தில், காய்ந்த மண்ணில் கால் வைக்க ஒரு இடம். அதற்கு ஊருக்குத் தெற்கே போய்க் கடக்க வேண்டும். படையை மேற்குக் கரையோரமாக நடத்திக் கொண்டுபோகலாம். ஆனால் கடக்கப் படகு வேண்டுமே, படகெல்லாம் ஊருக்கு வடக்கே அல்லவா நிற்கிறது? அப்போ பீரங்கிகளுக்கு முன்னால் ஓட்டிக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவசப் படகுகள் ஆற்றோட்டத்தோடு கீழே போய்விடும், ஆனால் எதிர்த்து மேலே வரும்போது நத்தை வேகம்தான். அந்த வேகத்தில் பீரங்கிகளைத் தாண்டினால் சல்லடையாகிவிடும். ஆக ஒருதடவை இறங்கினால் இறங்கினதுதான், ஊர் விழும் வரை திரும்பி வர முடியாது. கடற்படைத் தளபதி போர்ட்டர் இதைக் கிராண்டுக்கு முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஏப்ரல் 16 ராத்திரி. படகுகளின் பக்கவாட்டில் பஞ்சு மூட்டை, வைக்கோல் கட்டு, நிலக்கரி ஏற்றிய தோணிகள் எல்லாம் கட்டி, விளக்கை அணைத்து, கிட்டத்தட்ட மிதக்கவிட்டே கொண்டுபோனார்கள். தெற்குக் காவலர்கள் பார்த்துவிட்டார்கள். எதிர்க்கரையில் வீடுகளையும் தார்ப் பீப்பாய்களையும் கொளுத்தி ஆற்றைப் பகலாக்கினார்கள். போர்ட்டரின் படகுகளோ தள்ளிப் போகாமல் ஊர்க்கரையை ஒட்டியே போயின. மேட்டில் இருந்த பீரங்கிகளுக்கு அவ்வளவு கீழே குனிந்து சுட முடியவில்லை. ஹென்றி கிளே என்ற ஒரு சரக்குப் படகு மட்டும் எரிந்து போனது, மற்றவை தப்பின. எரிகிற பஞ்சு மூட்டைகள் ஆறு முழுக்க மிதந்து போயினவாம்.

அடுத்த நாளே, ஏப்ரல் 17, வடக்கின் கிரியர்சன் 1,700 குதிரை வீரர்களோடு டென்னசியிலிருந்து கிளம்பி மிசிசிப்பி மாநிலத்தை மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு மே 2இல் லூசியானாவின் பாட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்தார். தண்டவாளம், தந்திக்கம்பி எல்லாம் போச்சு. பெம்பர்டன் தன் குதிரைப்படையை அவர் பின்னால் துரத்த விட்டுவிட்டு ஆற்றைக் கவனிக்காமல் இருந்தார். கிரியர்சன் போருக்கு முன் பாட்டு வாத்தியார். சின்ன வயதில் குதிரை உதைத்ததால் குதிரை என்றாலே ஆகாது அவருக்கு. அவர் தலையில்தான் குதிரைப்படை.

ஏப்ரல் 29 கிராண்ட் கல்ஃப் என்ற இடத்தில் இறங்கப் பார்த்து முடியவில்லை. இன்னும் கீழே எங்கே இறங்கலாம் என்று தெரியாமல் நின்றபோது வழி சொன்னது அந்தப் பகுதிக் கறுப்பினத்தவர் ஒருவர். புரூயின்ஸ்பர்க்கில் இறங்கினால் உள்ளே போக நல்ல பாதை இருக்கிறது என்றார். ஏப்ரல் 30 அங்கேயே இறங்கினார்கள், எதிர்த்து ஒரு குண்டு கூட இல்லை. இவ்வளவு பெரிய போரில் திருப்புமுனை எது என்று என்னைக் கேட்டால் அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் ஜாக்சன் போனார் என்றால், விக்ஸ்பர்க்குக்கு உயிர் ஆற்றில் மட்டும் இல்லை, ஜாக்சனிலிருந்து வரும் ரயிலிலும் இருந்தது. அங்கே தெற்குத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன் வேறு படை சேர்த்துக்கொண்டிருந்தார். நேரே வடக்கே போய் விக்ஸ்பர்க்கைத் தாக்கினால் முதுகில் ஜான்ஸ்டன். அதனால் முதலில் முதுகைத் துடைத்தார். போர்ட் கிப்சன் மே 1, ரேமண்ட் மே 12, ஜாக்சன் மே 14, சாம்பியன் ஹில் மே 16, பிக் பிளாக் பாலம் மே 17. பதினேழு நாளில் ஐந்து சண்டை, நடந்தது சுமார் 180 மைல்.

சப்ளையை அறவே துண்டித்துவிட்டுக் காட்டில் கிடைத்ததைத் தின்று ஜெயித்தார் என்று எல்லோரும் எழுதுவார்கள், அது பாதி உண்மைதான். கறி, தீவனம் எல்லாம் வழியில் பிடுங்கினது. ஆனால் ரொட்டி, காபி, உப்பு, முக்கியமாகத் தோட்டா, இதெல்லாம் பின்னாலிருந்து வண்டியில் வந்துகொண்டேதான் இருந்தது. இறங்கினதும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் சக்கரம் வைத்த எதையும் விடவில்லை. பண்ணையார் வீட்டு அம்மாக்கள் தேவாலயம் போகிற வெல்வெட் மெத்தை வண்டியில் தோட்டாப் பெட்டிகளை ஏற்றி, முன்னால் உழவு மாட்டைப் பூட்டி ஓட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதி:

எல்லோரும் கிராண்டுக்குப் பல்லக்குத் தூக்குகிறீர்கள், நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். மே 19, மே 22 இரண்டு நாளும் அவசரப்பட்டு ஊர் அரண் மேல் நேராக முட்டினாரே, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். 22ஆம் தேதி மட்டும் 3,199 பேர் சேதம். அடிபட்டவர்கள் வெயிலில் அப்படியே கிடந்தார்கள். மூன்று நாள் கழித்து 25ஆம் தேதிதான் பிணம் எடுக்க இரண்டரை மணி நேரம் சண்டையை நிறுத்தினார்கள், அதுவும் நாற்றம் தாங்காமல் பெம்பர்டன் கேட்டதால்.

அடுத்தது, இந்த ஊர் ‘போரின் சாவி’ என்று லிங்கன் சொன்னதாகச் சொல்வார்கள். அப்படியென்றால் சாவி கிடைத்ததும் கதவு திறந்திருக்க வேண்டாமா? 1863 ஜூலைக்குப் பிறகும் போர் இருபத்தொரு மாதம் நீண்டது. டெக்சஸ் மாடும் உப்பும் சர்க்கரையும் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே வந்ததே அந்த வருஷம் குறைவுதான், வடக்கின் படகுகள் முன்னாலேயே நடுவில் புகுந்து தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தன. ஊரின் மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம்.

பீரங்கிப்பித்தன்:

முட்டினது தப்புதான், மறுக்கவில்லை. 22ஆம் தேதி முட்டினதைப் பற்றி அவருக்கே பின்னால் வருத்தம் இருந்தது.

ஆனால் ஊரின் அளவை வைத்து எடை போடாதீர்கள். நீங்கள் மாட்டையும் உப்பையும் பார்க்கிறீர்கள், நான் ஆட்களைப் பார்க்கிறேன். ஜூலை 4 அன்று சரணடைந்தவர்கள் 29,495 பேர், பீரங்கி 172. தெற்கிடம் இழக்க அப்படி எத்தனை படை இருந்தது? ஐந்து நாளில் ஆற்றில் இன்னும் கீழே இருந்த தெற்கின் கோட்டை போர்ட் ஹட்சனும் விழுந்தது, ஏனென்றால் விக்ஸ்பர்க் போன பிறகு அதைக் காப்பதற்கு அர்த்தமே இல்லை. செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பிய இம்பீரியல் என்ற சாதாரணச் சரக்குப் படகு ஜூலை 16 அன்று நியூ ஆர்லியன்ஸ் துறையில் போய் நின்றது. ஆற்றுக்கு மேற்கே இருந்த தெற்குப் பகுதி தனி ராஜ்ஜியம் மாதிரி ஆகிவிட்டது, தலைநகர் ரிச்மண்டிலிருந்து ஆணை போக வேண்டுமென்றால் ராத்திரியில் தோணியில் ஆள் தாண்ட வேண்டும்.

இன்னொன்று. ஆற்றைக் கடந்ததும் கிராண்ட் தெற்கே போய் இன்னொரு தளபதி பேங்க்ஸோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது லிங்கனின் எண்ணம், ஜாக்சன் பக்கம் திரும்பியது தப்பு என்று நினைத்திருந்தார். ஊர் விழுந்த பிறகு ஜூலை 13 அன்று கடிதம் எழுதி, நீங்கள் செய்ததே சரி, நான் நினைத்ததுதான் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒரு ஜனாதிபதி தளபதிக்கு அப்படி எழுதுவது லேசில்லை.

மாடித்தோட்டம்:

அண்ணன்மார்களா, ஊருக்குள்ளே இருந்தவர்களைப் பற்றி யாராவது பேசுவீர்களா என்று பார்த்தேன், ஒருத்தரும் வாயைத் திறக்கக் காணோம். நான் அந்தக் காலத்துப் பெண்கள் எழுதின நாட்குறிப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறவள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முற்றுகை 47 நாள். நிலப்பக்கம் கிராண்டின் பீரங்கி, ஆற்றுப்பக்கம் போர்ட்டரின் படகுகள், ராத்திரி பகல் தெரியாமல் குண்டு. ஊர்க்காரர்கள் வீட்டை விட்டுவிட்டு மேட்டுச்சரிவில் குகை தோண்டிக் குடி போனார்கள், ஏறக்குறைய 500 குகை. அந்த ஊர் மண் அப்படி. காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் வண்டல், மண்வெட்டி வைத்தால் வெண்ணெயாக வெட்டுப்படும், வெட்டின சுவர் செங்குத்தாக அப்படியே நிற்கும், சரியாது. வசதி உள்ளவர்கள் இரண்டு மூன்று அறை, தரைவிரிப்பு, கட்டில், சுவரில் விளக்குக்கு மாடம் என்று வெட்டிக்கொண்டார்கள். தோண்டியது பெரும்பாலும் அவர்களுடைய அடிமைகள்தான். குண்டு விழும்போது அந்த அடிமைகள் குகை வாசலிலும் வெளியே அடுப்பிலும் இருந்தார்கள் என்பதை நாட்குறிப்பு எழுதின அம்மாக்கள் ஏதோ மழை பெய்தது மாதிரி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அங்கேதான் நெஞ்சு அடைக்கும்.

சாப்பாட்டுக்கு வாருங்கள். மாவு தீர்ந்ததும் காராமணியை அரைத்து, சோளமாவு கலந்து ரொட்டி சுட்டார்கள். நம்மைக் கேட்டிருந்தால் சுண்டல் போடச் சொல்லியிருப்போம். ரொட்டி வெளியே கல், உள்ளே பச்சை. எத்தனை நேரம் சுட்டாலும் நடு வேகாது, தின்றவனுக்கு வயிறு போச்சு. அப்புறம் கோவேறு கழுதைக் கறி, கடைசியில் எலி வரைக்கும் வந்தது. ஊர்ப் பத்திரிகைக்குக் காகிதம் தீர்ந்துபோய், சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். ஜூலை 2 இதழ் அப்படித்தான் அச்சுக்குக் கோத்து நின்றது. 4ஆம் தேதி உள்ளே வந்த வடக்குச் சிப்பாய்கள் அதே எழுத்துக் கோப்பில் கீழே சில வரி கேலி சேர்த்து மிச்சத்தை அடித்து முடித்தார்கள்.

ஜூன் 28 தேதியிட்டு, ‘பல சிப்பாய்கள்’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டு பெம்பர்டனுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எங்களுக்குச் சோறு போட முடியவில்லை என்றால் சரணடைந்துவிடுங்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

அப்புறம் சுரங்கம். வடக்குப் படையில் போருக்கு முன்னால் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களைப் பொறுக்கி எடுத்து, தெற்குப் படையின் அரண் ஒன்றின் அடியில் பள்ளம் குடைய வைத்தார்கள். ஜூன் 25 அன்று 2,200 பவுண்டு வெடிமருந்தை வைத்துத் தூக்கினார்கள், ஜூலை 1 இன்னொன்று. அப்படி ஒரு வெடிப்பில், உள்ளேயிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர் மண்ணோடு மண்ணாக மேலே போய் வடக்குப் படையின் பக்கம் உயிரோடு விழுந்தார். எவ்வளவு உயரம் போனாய் என்று கேட்டதற்கு, தெரியலை, ஒரு மூணு மைல் இருக்கும் என்றாராம். எல்லா ஆசிரியரும் இதை நகைச்சுவையாகவே எழுதுகிறார்கள். அவர் அந்தப் பள்ளத்துக்குள் தன் விருப்பத்திலா இறங்கினார்?

ஊர்சுற்றி:

மாடித்தோட்டம் அக்கா, காராமணி ரொட்டியை வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா முகத்தைச் சுளித்துவிட்டார்.

மாப்பிள்ளை கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் வாட்ஸப்பில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம், அந்த நாளைத் தேடிப் பிடித்துச் சரணடைந்ததே சந்தேகம்தானே என்கிறார்.

ஆற்றுமணல்:

மாப்பிள்ளை சொல்வது அன்றைக்கே தெற்கில் எல்லோரும் சொன்னதுதான். பெம்பர்டன் பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். மனைவி வர்ஜீனியாக்காரர், அதனால் தெற்குப் பக்கம் வந்தார். அவருடைய தம்பிகள் இரண்டு பேர் வடக்குப் படையில் இருந்தார்கள். மெக்சிகோ போரில் கிராண்டும் அவரும் ஒரே படையில் இருந்தவர்கள். ஊர் விழுந்ததும் பழி போட இவரை விட வசதியான ஆள் கிடைக்குமா?

ஆனால் காட்டிக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவர் கெட்டது இரண்டு எஜமானர்களால். தெற்கின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ், விக்ஸ்பர்க்கையும் போர்ட் ஹட்சனையும் எக்காரணம் கொண்டும் விடாதே என்கிறார். மேலதிகாரி ஜான்ஸ்டன், ஊர் போனால் போகட்டும், படையை வெளியே கொண்டுவந்து என்னோடு சேர் என்கிறார். இவர் இரண்டுக்கும் நடுவில் பாதி வழி வெளியே வந்து சாம்பியன் ஹில்லில் அடி வாங்கித் திரும்பினார். இதில் கூத்து என்னவென்றால், மே 13 அன்று ஜான்ஸ்டன் அனுப்பிய ஆணையை மூன்று தூதர்களிடம் மூன்று பிரதியாகக் கொடுத்தார். அதில் ஒரு தூதர் வடக்கின் ஒற்றர். அந்தப் பிரதி கிராண்ட் கைக்குப் போய்விட்டது. காட்டிக்கொடுத்த ஆள் வேண்டும் என்றால் மாப்பிள்ளை அந்தத் தூதரைத் தேடட்டும்.

ஜூலை 4 விஷயம் பெம்பர்டனே விளக்கியது. நான் வடக்கத்திக்காரன், அவர்கள் பெருமை எனக்குத் தெரியும், அந்த நாளில் சரணடைந்தால் நல்ல நிபந்தனை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அது ஓரளவு பலித்தது. கிராண்ட் முதலில் நிபந்தனையே கிடையாது என்றார், அப்புறம் எல்லோரையும் சிறைக்கு ஏற்றிப் போகப் படகுக்கும் சோற்றுக்கும் எங்கே போவது என்று யோசித்து, இனி ஆயுதம் தூக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். அந்தச் சிப்பாய்களில் கொஞ்சம் பேர் நவம்பரில் டென்னசியின் சட்டனூகாவில் மறுபடியும் அவர் எதிரே நின்றார்கள் என்பது வேறு விஷயம்.

பெம்பர்டன் பின்னால் என்ன செய்தார் தெரியுமா? இனி இவர் கீழ் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று தெரிந்ததும் தளபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு, பீரங்கிப் படையில் பல படி கீழே லெப்டினன்ட் கர்னலாகச் சேர்ந்து போர் முடியும் வரை இருந்தார். காட்டிக்கொடுத்தவன் செய்கிற வேலையா அது?

எதிர்வாதி:

இதை ஒத்துக்கொள்கிறேன். ஜூலை 4 பற்றி இன்னொரு கதையும் சுற்றும், அந்த ஊரில் 81 வருஷம் சுதந்திர தினமே கொண்டாடவில்லை என்று. அதையும் அப்படியே நம்பாதீர்கள். வெள்ளையர்களில் பலர் ஒதுங்கியிருந்தார்கள், சரி. ஆனால் ஊரின் கறுப்பின மக்களுக்கு அது விடுதலை வந்த நாள், அவர்கள் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள். யாரை ஊர் என்று எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்தது அந்த 81.

ஆற்றுக்கு மேற்கே மில்லிகன்ஸ் பெண்டில் ஜூன் 7 அன்று, படையில் சேர்ந்து சில வாரமே ஆன கறுப்பினச் சிப்பாய்கள், துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கக்கூடப் பழகாதவர்கள், நேருக்கு நேர் கத்திமுனைச் சண்டையில் நின்று பிடித்தார்கள். அதையும் யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன், கடைசியில் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

கரிசல்காட்டான்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் கோவில்பட்டிப் பக்கம். அந்தப் போரில் அமெரிக்கப் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் படுத்தபோது இங்கே பருத்தி விலை தாறுமாறாக ஏறியது, போர் முடிந்ததும் தொப்பென்று விழுந்தது. நீங்கள் பேசுகிற படகுகளில் கட்டியிருந்த பஞ்சு மூட்டை அந்த விலைக்கு எத்தனை பணம் என்று என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. ஆற்றில் எரிந்து போனது எத்தனை மூட்டையோ. சரி, நீங்கள் தொடருங்கள்.

பீரங்கிப்பித்தன்:

ஊர்சுற்றி, நீங்கள் பூங்காவில் கெய்ரோ படகைப் பார்த்தீர்களா? 1862 டிசம்பர் 12 அன்று யாசூவில் நீர்க்கண்ணி வெடித்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மூழ்கின கவசப் படகு, ஒருத்தரும் சாகவில்லை. நூறு வருஷம் சேற்றில் கிடந்து 1964இல் தூக்கினார்கள். சமையல் பாத்திரம், செருப்பு, மருந்துப் புட்டி எல்லாம் அப்படியே கிடைத்தது. பக்கத்திலேயே வடக்குச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம், 17,000 பேர், அதில் ஏறக்குறைய 13,000 பேருக்குப் பெயர் தெரியாது. எண் மட்டும் செதுக்கின சின்னச் சதுரக் கல்.

ஊர்சுற்றி:

பார்த்தேன். பிள்ளைகள் அந்தச் சதுரக் கற்களை உட்காரும் முக்காலி என்று நினைத்து ஒன்றின் மேல் உட்காரப் போனார்கள், ஓடிப்போய் இழுத்தேன். அந்த எண்ணைப் படம் எடுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆற்றுமணல் சார் சொன்னதை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை, இரண்டு நீலக் குறி மட்டும் விழுந்திருக்கிறது. டிசம்பரில் மறுபடி அந்தப் பக்கம் போகிறோம். கிராண்ட் தோண்டின கால்வாயின் மிச்சம் எதிர்க்கரையில் இன்னும் எங்காவது தெரியுமா, கார் போகுமா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.